இடது சுண்டுவிரலின் சரித்திரம்

மூன்றாவது கார்பன் காப்பியைக் கையில் கொடுங்கள். அடித்தவரின் இடது சுண்டுவிரல் எந்த லட்சணத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். மேல் தாளில் எல்லா எழுத்தும் கருகருவென்றுதான் இருக்கும். இரண்டாவது காப்பியில் ஆங்கில 'ஏ' லேசாக வெளிறும். மூன்றாவதில் அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கறைதான் மிஞ்சும். விசைப்பலகையின் நடு வரிசையில் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்து அது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகளில் ஒன்றை, பத்து விரல்களில் மிகச் சோனியான விரலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திப் பிழைத்தவன் நான். மாணவர்களின் முகம் மறந்துவிடும். யார் எந்த விரலைத் தூக்கிக்கொண்டு அடிப்பார் என்பது மறக்காது. காலை ஆறு மணி பேட்ச் தொடங்கி ராத்திரி எட்டு மணி பேட்ச் வரை கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, கைகளைப் பற்றி எழுதியவர்கள் யார் யார் என்று தேடிப் படிக்கும் ஆசை வந்தது. படித்ததும் பார்த்ததும் சேர்ந்து எனக்கு ஒன்றைத் தெளிவாக்கின. வலக்கை உசத்தி, இடக்கை மட்டம் என்பது பாதிப் பேச்சு. எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பேச்சாகும். வேலை லேசாக இருக்கும்வரை இரண்டு கையும் ஏறக்குறைய ஒன்று. வேலை நுணுக்கமாக ஆக, இடைவெளி விரிகிறது.

டைப்ரைட்டர் வருவதற்கு முன் ஆபீஸ் என்றால் பேனாதான். கடிதம் எழுதுவது, அதற்கு நகல் எடுப்பது, ரிஜிஸ்டரில் பதிவது என்று எல்லாம் ஒரே கையின் வேலை. இன்னொரு கை காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். பேனா பிடிப்பதைச் சாதாரண வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மை ஒழுகாத அழுத்தம், கோடு தப்பாத ஓட்டம், சுழி, வளைவு, மேல்விலங்கு, கீழ்விலங்கு எல்லாவற்றையும் விரல்நுனிகள் அந்தந்தக் கணத்தில் திருத்திக்கொண்டே போக வேண்டும். சந்தேகமிருந்தால் பழக்கமில்லாத கையால் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள். அதே கையால் மேஜையைத் தாளத்தோடு தட்டிப் பாருங்கள். தட்டுவதில் கை கொஞ்சம்தான் பின்தங்கும். கையெழுத்தில் மானம் போய்விடும்.

இந்த வித்தியாசத்தை ஆய்வுக்கூடத்தில் முதலில் அளந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் உட்வொர்த். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1899-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, கை அசைவு எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதைப் பற்றியது. உருளையில் ஓடும் காகிதத்தில் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். முந்தைய கோட்டின் நீளமே இதற்கும் இருக்க வேண்டும். பக்கத்தில் தாளம் காட்டும் மெட்ரோனோம் அடித்துக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 20 கோட்டில் தொடங்கி 200 வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மெதுவாக இழுத்தபோது இரு கைகளுக்கும் பெரிய பேதமில்லை. வேகம் ஏற ஏற இரண்டும் தடுமாறின. இடக்கை கூடுதலாகத் தடுமாறியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் வேகத்தால் வரும் பாதிப்பே குறைந்துபோனது. பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காததுதான் வேகத்தில் வரும் பிழைக்குக் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய சேதி இல்லை. டைப்ரைட்டிங்கில் லோயர் என்ற கீழ்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டு என்று கணக்கு வைத்தால் நிமிடத்துக்கு 150 தட்டு. அந்த வேகத்தில் ஒரு பையனின் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துப் பார்த்தால் இரண்டு கைப் பக்கமும் பரவலாகக் கிடக்கும். ஹையர் என்ற மேல்நிலைத் தேர்வுக்கு 45 வார்த்தை, அதாவது 225 தட்டு. அங்கே போனதும் சிவப்புச் சுழிகள் இடது பக்கத்து எழுத்துகளின் மேல் கூடும். எழுத்து இடம் மாறி விழும். இரண்டு அச்சுக் கம்பிகள் ஒரே நேரத்தில் எழும்பிச் சிக்கிக்கொள்ளும்.

இயந்திரத்தின் கதைக்கு வருவோம். கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் மில்வாக்கி நகரத்துப் பத்திரிகைக்காரர், அச்சகத் தொழில் தெரிந்தவர். 1868-இல் கூட்டாளிகளோடு டைப்ரைட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1874-இல் அந்த மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேல் வரிசையில் கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று இன்றைக்கும் தொடரும் அடுக்கு அன்று வந்ததுதான். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த அடுக்கு உருவான நாளில் பத்து விரலால் அடிக்கும் வழக்கமே கிடையாது. குனிந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இரண்டு விரலால் அடித்தார்கள். எந்த எழுத்து எந்தக் கைக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்க அப்போது யாருக்கும் அவசியமில்லை.

அவசியம் பின்னால் வந்தது. சின்சினாட்டி நகரத்தில் லாங்லி அம்மையார் 1882-இல் பத்து விரல் முறைக்குப் பாடப்புத்தகம் போட்டார். 1888 ஜூலையில் அதே ஊரில் ஒரு போட்டி நடந்தது. சால்ட் லேக் சிட்டியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக இருந்த ஃபிராங்க் மெக்கரின், விசைப்பலகையைப் பார்க்காமலே அடித்து லூயிஸ் டிராப் என்பவரைத் தோற்கடித்தார். பந்தயம் 500 டாலர். சொல்லச் சொல்ல அடிப்பது முக்கால் மணி, பார்த்து அடிப்பது முக்கால் மணி. பார்த்து அடிப்பதில் மெக்கரினுக்குப் பெரிய வசதி: அவர் கண் மூலப் பிரதியை விட்டு நகரவே இல்லை. பத்திரிகைகளில் சேதி பரவியதும் பார்க்காமல் அடிப்பதே முறை என்று ஆனது.

பத்து விரலும் வேலைக்கு வந்த பிறகுதான் பழைய அடுக்கின் விசித்திரம் வெளியே தெரிந்தது. ஆங்கில எழுத்துகளில் ஈ, டி, ஏ, எஸ், ஆர் எல்லாம் இடது பக்கம். நடு வரிசையில் வலக்கையின் வலுவான இரண்டு விரல்கள் குந்தியிருக்கும் இடத்தில் ஜே, கே. இரண்டுமே எப்போதாவது வருபவை. மொத்தத் தட்டுகளில் பாதிக்கு மேல் இடக்கை தலையில். அது போதாதென்று வரி முடிந்ததும் கேரேஜைத் தள்ளும் லீவரும் இடது பக்கத்தில். வலது பக்கத்து எழுத்தைப் பெரிய எழுத்தாக்க ஷிப்ட் அழுத்துவதும் இடது சுண்டுவிரல். சோத்துக் கையைச் செல்லமாக வைத்துக்கொண்டு பீச்சாங்கையிடம் பாரம் ஏற்றிய ஆபீஸ் கருவி இது. 'ஸ்டூவர்டசஸ்' என்ற ஆங்கில வார்த்தையை முழுக்க இடக்கையாலேயே அடித்து முடிக்கலாம். 'லாலிபாப்' முழுக்க வலக்கை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இரண்டையும் அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பேன்.

அப்படியானால் இடக்கை ஒடிந்துபோயிருக்க வேண்டுமே? போகவில்லை. டைப்ரைட்டர் செய்த பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தைச் செய்யும் வேலையை அது கையிடமிருந்து வாங்கிக்கொண்டது. சுழியும் வளைவும் உருக்கு அச்சில் ஏற்கெனவே வார்த்துக் கிடக்கின்றன. விரல் செய்ய வேண்டியது ஒரே ஒரு தட்டு. விசையின் தலை அகலமானது; துளி விலகி விழுந்தாலும் எழுத்து நேராகவே பதியும். நுணுக்கமான ஒரு பெரிய வேலையை லேசான சின்னத் துண்டுகளாக உடைத்து இரண்டு கைக்கும் பங்கு போட்டுவிட்டது. துண்டு லேசானதால் கைகளின் பேதமும் சுருங்கிவிட்டது.

இதற்குக் கணக்கு பின்னால் வந்தது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு அசைவு எவ்வளவு கடினம் என்பதற்கு அளவுகோல் கொடுத்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறிக் குச்சியால் தொட வேண்டும். தகடு தள்ளிப்போனாலும் குறுகிப்போனாலும் கடினம் ஏறும். அதற்கேற்ப நேரமும் கூடும். இங்கிலாந்தில் மரியன் அன்னெட் என்ற அம்மையார் பல்லாண்டு காலம் துளைகளில் சிறு முளைகளைச் செருகச் சொல்லிக் கைகளைச் சோதித்தவர். 1979-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், முளைக்கும் துளைக்கும் நடுவே இடம் குறையக் குறைய இரு கைகளின் நேர வித்தியாசம் விரிந்தது. துளைக்குப் பக்கத்தில் வரும்வரை இடக்கை சரியாகத்தான் வருகிறது. கடைசிக் கணத்தில் குறி சற்றுத் தவறி, திரும்பத் திரும்பச் சரிசெய்கிறது. நேரம் அங்கேதான் செலவாகிறது.

டைப்ரைட்டரையே வைத்துச் செய்த சோதனையும் உண்டு. 1968-இல் புரோவின்ஸ், கிளென்கிராஸ் என்ற இருவர், வலக்கைப் பழக்கமுள்ள தேர்ந்த தட்டச்சர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு கையாலும் எழுதவும் அடிக்கவும் சொன்னார்கள். எழுதுவதில் வலக்கை எங்கோ, இடக்கை எங்கோ. அடிப்பதில் வலக்கைக்கு அப்படி ஒரு மேலாண்மை இல்லவே இல்லை. ஒரே ஆள், அதே இரண்டு கை. மாறியது வேலை மட்டும்தான்.

கோவில்பட்டியில் இதை நான் வேறு விதமாகப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய வீட்டுப் பெண்கள் சாயங்காலம் அடிக்க வருவார்கள். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்ற முதல் பாடத்தில் அவர்களுடைய இடது விரல்கள் மற்றவர்களைப் போல் முரண்டு பிடிக்காது. சிறு வயதிலிருந்தே இரண்டு கையையும் சரிசமமாக ஓட்டிய விரல்கள் அவை. கல்லூரிப் பையன்களுக்கோ இடது மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்தேதான் எழும்பும். நடு வரிசைவரை சமாளித்துவிடுவார்கள். கியூவுக்கு மேலே எட்டவும் இசட்டுக்குக் கீழே இறங்கவும், எண் வரிசைக்குத் தாவவும் சொன்னால் இடக்கை நொண்டும். தட்டுவது லேசுதான், எட்டித் தட்டுவது லேசில்லை. குறி பிடிக்கும் வேலை அங்கே மறுபடி நுழைந்துவிடுகிறது.

தமிழ் மெஷினின் கதை தனி. யாழ்ப்பாணத்துக்காரரான ரா. முத்தையா மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போன இடத்தில் தமிழ் விசைப்பலகையை வடிவமைத்தார். ஜெர்மனியின் சைடல் நௌமன் கம்பெனி அந்த மெஷினைச் செய்து கொடுத்தது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசையில் அடக்கிய சாமர்த்தியத்தை இன்றைக்கும் நினைத்து வியப்பேன். கொம்பு, கால், சுழி என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து அடிக்க வேண்டும். 'கொ' என்றால் மூன்று தட்டு. புள்ளி விசையை அழுத்தினால் கேரேஜ் நகராது. புள்ளியை முதலில் அடித்துவிட்டு அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும்.

தமிழ் மெஷினில் பாரம் பிரிந்திருப்பது வேறு விதம். இடக்கையின் நடு வரிசையில் ய, ள, ன, க. மேலே ண, ற, ந, ச. ஒரு தட்டில் முடியும் முழு எழுத்துகள். புள்ளியும் இகரக் கொக்கியும் வலது சுண்டுவிரலுக்கு, காலும் வலக்கைக்குத்தான். 'வந்தான்' என்று அடித்துப் பாருங்கள். ஏழு தட்டில் நான்கு வலக்கை. அதில் இரண்டு புள்ளி, இரண்டும் சுண்டுவிரல். ஆங்கிலக் கார்பன் காப்பியில் 'ஏ' வெளிறுவது போலத் தமிழ்க் கார்பன் காப்பியில் புள்ளி வெளிறும். 'ஏ' மங்கினால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். புள்ளி மங்கினால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். அதனால் தமிழ் அடிப்பவர்களிடம் நான் சோதித்தது வலது சுண்டுவிரலை.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு ஆபீஸ்களில் தமிழ் மெஷின் பெருகியது. முன்பு ரெமிங்டன், 1955 முதல் கோத்ரெஜ், ஃபாசிட்டும் ஹால்டாவும் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடிகளில் இன்ஸ்டிட்யூட் இல்லாத தாலுகா ஊர் அன்று தமிழ்நாட்டில் அரிது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வீட்டில் சொன்ன முதல் யோசனை 'டைப் அடிக்கப் போ' என்பதுதான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவர்கள் சர்வீஸ் கமிஷன் எழுதி டைப்பிஸ்ட் ஆனார்கள். ஏராளமான பெண்கள் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது இந்த வழியாகத்தான்.

இன்னொரு கூட்டமும் இந்த வழியாக வந்தது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதியதற்கு முட்டியில் ஸ்கேல் அடி வாங்கியவர்கள். கை மாற்றப்பட்டு, கோழிக் கிறுக்கல் என்று பெயர் எடுத்தவர்கள். இன்ஸ்டிட்யூட்டில் அவர்களை யாரும் கை மாற்றச் சொல்லவில்லை. மெஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆங்கில மெஷினிலோ அவர்களுடைய நல்ல கைக்குத்தான் அதிக வேலை. கையெழுத்தால் மார்க் இழந்த பையன் ஹையரில் டிஸ்டிங்ஷன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுக்கையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சியாட்டிலில் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் டுவோராக், மைத்துனர் டீலியோடு சேர்ந்து 1936-இல் புதிய அடுக்குக்குக் காப்புரிமை பெற்றார். உயிரெழுத்துகளை இடக்கையின் நடு வரிசையில் வைத்தார். அதிகம் வரும் மெய்களை வலக்கையில் வைத்தார். பாரம் வலக்கைக்குச் சற்றுக் கூடுதலாகப் போனது. அதைவிட முக்கியம், கைகள் மாறி மாறி அடிக்கும்படி ஆனது. ஒரு கை தட்டும்போதே மறு கை அடுத்த விசைக்கு மேல் போய் நின்றுகொள்ளும். அதனால் ஒரே கையால் தொடர்ந்து அடிப்பதை விட மாற்றி மாற்றி அடிப்பது வேகம். பழைய அடுக்கு வேரூன்றிவிட்டதால் டுவோராக் அடுக்கு பரவவில்லை.

ஆங்கிலத்துக்கு வாய்க்காதது தமிழுக்கு வாய்த்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையை அரசு அந்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. அதில் உயிர்கள் இடப்பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலப்பக்கம். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாவது தமிழின் இயல்பு என்பதால் கைகள் தாமாகவே மாறி மாறி விழுகின்றன. 'மாடு' என்று அடித்தால் வலம், இடம், வலம், இடம். இரட்டிக்கும் இடங்களில் புள்ளி தானாக விழுகிறது. இடது சுண்டுவிரலில் 'அ' இருக்கிறது. ஆனால் மெய்யை அடித்தாலே அகரம் ஏறிவிடுவதால், பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் அதைத் தொட வேண்டும். வேலையை லேசாக்கிக் கைகளுக்குப் பங்கிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அரசே ஏற்ற இந்த அடுக்கை இன்னும் பள்ளிக்கூடங்களில் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது என் தீராத வருத்தம்.

பயிற்சி எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நுணுக்கமான வேலையில் பழகிய கைக்கும் பழகாத கைக்கும் இடையே எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஒரு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி மிக அகலமாக நிற்கும் வேலைகளில் ஒன்று பேனா பிடித்து எழுதுவது. நம் ஊரில் பிள்ளைகளைக் கை மாற்றச் சொல்லும் வேலைகளில் அதுவும் ஒன்று. கதவைத் திறக்கவோ பந்து பொறுக்கவோ எந்தக் கையை நீட்டினாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்லேட்டைத் தொட்டால் கண்டிப்பு வந்துவிடுகிறது. கை மாற்றினால் நஷ்டம் மிக அதிகமாக உள்ள இடத்தைத் தேடிப் பிடித்துக் கை மாற்றுகிறோம்.

ஆகவே ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு டைப்ரைட்டிங் வாத்தியாராக நான் சொல்வது இதுதான். பிள்ளை எந்தக் கையால் பென்சிலை எடுக்கிறதோ, அந்தக் கையிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு கைக்கும் வேலை கொடுக்க ஆசையிருந்தால், நாலு வருஷம் கழித்து விசைப்பலகையில் உட்கார வையுங்கள். தமிழ்99-லேயே தொடங்குங்கள்.